அவர் எண்டைக்கு வீட்டுக்கு வந்தவர்?

இந்தக் கேள்வியை ஒரு சின்ன அறைக்குள்ள, மேசையில ரெக்கோர்டர் ஓடிக்கொண்டிருக்கேக்க அரசாங்க உதவிக்காசை விசாரிக்கிற ஒரு பொம்பிளை என்னட்ட அமைதியாக் கேட்டவ. நான் கன நேரம் பேசாமல் இருந்தன். மறைக்கோணும் எண்டு இல்லை, உண்மையாவே எனக்கு அந்தத் திகதி தெரியாது. அவர் ஒரு நாளும் பெட்டி படுக்கையோட வந்து இறங்கேல்ல. முதல்ல ஒரு பல் தேய்க்கிற பிரஷ் வந்தது, பிறகு குளிர் ஜக்கெற் வந்தது, பிறகு அவற்ற அரிசிக் குக்கர் வந்தது ஏனெண்டா என்ரது பழுதாப்போச்சு. இதில எதைத் திகதி எண்டு சொல்லுறது?

நான் லண்டன்ல இருக்கிறன். முதல் கலியாணம் முறிஞ்சு, மகளோட தனிய இருந்தனான். கெயர் ஹோம் ஒண்டில கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை, மிச்சத்துக்கு யூனிவேர்சல் கிறெடிற், குறைஞ்ச வருமானக்காரருக்கு அரசாங்கம் குடுக்கிற, இஞ்ச எல்லாரும் யூசி எண்டு சொல்லுற அந்த உதவிக்காசு. தனி ஆள், ஒரு பிள்ளை, வாடகை வீடு எண்டு போட்டுத்தான் கிளெய்ம் பண்ணினது, போடேக்க அது முழுக்க உண்மை. 2022இல அவரைச் சந்திச்சன், அவரும் யாழ்ப்பாணப் பக்கம்தான், காஷ் அன் கரி ஒண்டில வேலை, வேற மூண்டு பேரோட ஒரு வீட்டில றூம் எடுத்து இருந்தவர். ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே ஒருக்கா அடிபட்ட வாழ்க்கை, அதால அவசரப்படேல்ல. சனி ஞாயிறு வந்து போனவர், பிறகு வெள்ளியும் வந்தவர், பிறகு எனக்கு விடியப்புற ஷிப்ட் இருக்கிற நாளில மகளைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போறதுக்கெண்டு முதல் நாள் இரவே வந்து நிண்டவர். 2023 ஒக்டோபர்ல அவற்ற றூம் வீட்டுக்காரர் வீட்டை விக்கப்போறன் எண்டு எல்லாரையும் எழும்பச் சொல்ல, "கொஞ்ச நாளைக்கு இஞ்சயே நில்லுங்கோவன்" எண்டு நான்தான் சொன்னனான். அந்தக் கொஞ்ச நாள்தான் பிறகு 13 மாசம் எண்டு எழுத்தில வந்தது.

ஒரு ஆள் சோடியா வந்து சேர்ந்தால் அதை யூசிக்குச் சொல்லோணும். ஏன் உடன சொல்லேல்ல எண்டு கேட்டால், காசுக்காக எண்டு சொன்னால் அது பாதி உண்மைதான். மற்றப் பாதியைச் சொல்லுறதுக்கு எனக்கு இப்பவும் தொண்டை அடைக்குது. நாங்கள் ஆருக்குமே சொல்லேல்ல. ஊரில அம்மாவுக்குத் தெரியாது. கோயிலுக்கு ரெண்டு பேரும் வேற வேற நேரத்துக்குப் போய், உள்ள சந்திச்சால் தெரிஞ்ச ஆக்கள் மாதிரிக் கதைச்சிட்டு வருவம். வீடியோ கோல்ல அம்மா வந்தால் அவர் குசினிக்குள்ள போயிடுவார். கலியாணம் கட்டாமல் ஒரு ஆம்பிளையோட இருக்கிறா எண்ட கதை ஊருக்குப் போனால் என்ர தங்கச்சிக்குப் பேசிற சம்பந்தம் குழம்பும் எண்டு பயம். இப்பிடிப் பெத்த தாய்க்கே பேர் சொல்லாத ஒரு உறவை, அரசாங்கத்தின்ர ஜோர்னல்ல, அதாவது யூசியின்ர ஒன்லைன் அக்கவுண்டில செய்தி எழுதிற இடத்தில, "எனக்குப் பாட்னர் இருக்கிறார்" எண்டு எழுத எனக்குக் கை வரேல்ல. எழுதினால் அது உண்மையாகிடும் எண்ட மாதிரி ஒரு நினைப்பு. இஞ்ச என்னைப்போல எத்தினை பேர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியும், அதுக்காகத்தான் வெக்கத்தை விட்டிட்டு இதை எழுதிறன்.

அதோட ஆக்கள் சொன்ன கதையளும் சேர்ந்திட்டுது. எனக்கு மூண்டு பேர் மூண்டு விதமாச் சொன்னவை, மூண்டுமே பிழை, அதால வடிவா எழுதிறன். ஒரு அக்கா சொன்னா, கிழமைக்கு மூண்டு இரவுக்கு மேல நிண்டால்தான் கணக்கில வரும், அதுக்குக் கீழ எண்டால் பயமில்லை எண்டு. அப்பிடி ஒரு மூண்டு இரவுக் கணக்கு சட்டத்தில எங்கயும் இல்லை. எத்தினை இரவு எண்டதும் பாக்கிற விசயங்களில ஒண்டு, அவ்வளவுதான். இன்னொராள் சொன்னது, ரெஜிஸ்டர் பண்ணாட்டில் புருசன் பெண்சாதி இல்லைத்தானே எண்டு. யூசி வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டத்திலயே, கலியாணம் கட்டாட்டிலும் கட்டின ஆக்கள் மாதிரி ஒரே வீட்டில சேர்ந்து வாழ்ந்தால் சோடி எண்டுதான் எழுதியிருக்கு. மூண்டாவது, பேங்க் அக்கவுண்ட் தனித்தனிய இருந்தால் ஒண்டும் செய்யேலாது எண்டது. எங்கட அக்கவுண்ட் தனித்தனிதான், ஆனால் ஒவ்வொரு மாசமும் அவரிட்ட இருந்து எனக்கு 400 பவுண் வந்திருக்கு, அதுக்குப் பக்கத்தில அவரே தன்ர கையால "வீட்டுக்கு" எண்டு ரைப் பண்ணி அனுப்பியிருக்கிறார்.

2024 நவம்பர்ல லெற்றர் வந்தது. ஆரும் சொல்லிக் குடுத்தவையோ, இல்லாட்டிக் கொம்பியூட்டர்ல விலாசம் ஒத்துப்போனதோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது, அதை யோசிச்சுக் கண்ட கண்ட ஆக்களையெல்லாம் சந்தேகப்பட்ட ஒரு ரெண்டு மாசம் இருந்தது, அது என்னைச் சரியா அரிச்சுப்போட்டுது. தயவுசெய்து அந்த வேலையைச் செய்யாதேங்கோ. விலாசம் பிடிபடுறதுக்கு ஆள் தேவையில்லை. வாக்காளர் பதிவு, கார் இன்சூரன்ஸ், லைசென்ஸ், கடன் கம்பனியளின்ர பதிவு எண்டு ஒரு மனிசன் தன்ர விலாசத்தை எத்தினை இடத்தில குடுக்கிறான் எண்டு ஒருக்கா எண்ணிப் பாருங்கோ.

லெற்றரில இன்ரவியூ அண்டர் கோஷன் எண்டு இருந்தது. அது சும்மா கதைக்கக் கூப்பிடுறது இல்லை. நீங்கள் சொல்லுறதைப் பிறகு கோட்டில சாட்சியாப் பாவிக்கலாம் எண்டு எச்சரிச்சுப்போட்டு, பதிவு பண்ணிக் கேக்கிற கேள்வி. நான் அதை விளங்கிக்கொள்ளாமல், ஆரிட்டயும் கேக்காமல், தனியப் போனது பெரிய பிழை. இப்பிடி லெற்றர் வந்தால் போறதுக்கு முதலே ஒரு சொலிசிற்றரிட்டயோ, காசில்லாமல் ஆலோசனை சொல்லுற சிற்றிசன்ஸ் அட்வைஸ்லயோ கதையுங்கோ, சொலிசிற்றரைக் கூட்டிக்கொண்டு போறது உங்கட உரிமை. இங்கிலிஷ் கஸ்ரமெண்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கோ. எனக்கு இங்கிலிஷ் வரும், ஆனால் பயத்தில வாய்க்குள்ள வந்தது தமிழ்தான்.

கேட்ட கேள்வியள் எல்லாம் பெரிசா ஒண்டும் இல்லை, அதுதான் பயங்கரம். உடுப்பு ஆர் தோய்க்கிறது, சமைச்சால் சேர்ந்து சாப்பிடுவீங்களோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில ஆர் எடுக்கிறது, வருத்தம் வந்தால் ஆர் பாக்கிறது, லீவுக்கு எங்க போனனீங்கள், அக்கம்பக்கத்து ஆக்கள் உங்களைச் சோடி எண்டு நினைக்கினமோ. பிறகு எனக்கு ஆலோசனை சொன்ன பிள்ளை விளங்கப்படுத்தினவ, அவை ஒண்டை மட்டும் வைச்சு முடிவெடுக்கிறேல்லயாம். ஒரே வீட்டில இருக்கிறியளோ, காசில ஒருத்தருக்கொருத்தர் தாங்கலோ, உறவு நிலையானதோ, தாம்பத்தியம் இருக்கோ, பிள்ளையை ரெண்டு பேரும் வளக்கிறியளோ, வெளியில சோடியாத் தெரியிறியளோ எண்டு எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாப்பினம். அவர் உண்மையா வாடகைக்கு மட்டும் இருக்கிற ஆள் எண்டால் அது வேற, அப்பிடிப்பட்ட ஆக்கள் சோடி எண்டு பிழையா முடிவானால் கட்டாயம் எதிர்க்கோணும். என்ர கேஸ் அப்பிடி இல்லை. மகள் அவரை மாமா எண்டுதான் கூப்பிடுறவள், ஆனால் பள்ளிக்கூடத்தில அவசரத்துக்குக் கூப்பிடுற ஆள் எண்டு ரெண்டாவதாப் போட்டிருக்கிறது அவற்ற நம்பர். அதை நான்தான் எழுதிக் குடுத்தனான்.

அந்தத் திகதிக் கேள்விக்கு, கடைசியில அவைதான் பதில் வைச்சிருந்தவை. கார் இன்சூரன்ஸ்ல அவர் விலாசம் மாத்தின நாள். வெளிக்கிட்டு வந்து காரில இருந்து அழுதன், அவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே "நீர் பயப்பிடாதையும், ரெண்டு பேருந்தான் செய்தது, ரெண்டு பேருந்தான் கட்டுவம்" எண்டு சொன்னவர். அண்டைக்குத்தான் நான் முதல்முதலா எனக்குள்ள ஒத்துக்கொண்டது, இந்த மனிசன் என்ர பாட்னர்தான் எண்டு.

2025 மார்ச்ல முடிவு வந்தது. திருப்பிக் கட்டோணும் 22,460 பவுண். 13 மாசமும் எனக்குத் தனி ஆளா வந்த முழுக் காசும், வாடகைக்கெண்டு வந்ததும் சேர்த்து. அதுக்கு மேல 50 பவுண் தண்டம். ஏமாத்து எண்டு தீர்மானிக்காமல், சொல்லவேண்டியதைச் சொல்லேல்ல எண்டு தீர்மானிச்சால்தான் இந்த 50. ஏமாத்து எண்டு பாத்து, ஆனால் கோட்டுக்குப் போகாமல் முடிக்கிறதெண்டால் கூடக் குடுத்த காசின்ர அரைவாசியைத் தண்டமாக் கேக்கலாம், குறைஞ்சது 350, கூடினது 5,000 பவுண். கோட்டுக்குப் போனால் இன்னும் பெரிய கதை, சிறையும் இருக்கு. எனக்கு 50ஓட போனது அவை கேட்டதுக்கெல்லாம் நான் உள்ளதைச் சொன்னதாலயாம்.

இனி வாறதுதான் இந்த எழுத்தில ஆகப் பிரயோசனமான இடம். அந்த லெற்றரைக் கொண்டுபோய் சிற்றிசன்ஸ் அட்வைஸ்ல காட்ட, அங்க இருந்த பிள்ளை முதல் கேட்ட கேள்வி, "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அப்பவே கிளெய்ம் பண்ணியிருந்தால் எவ்வளவு கிடைச்சிருக்கும் எண்டு பாத்தனீங்களோ?" எண்டது. நான் ஒண்டும் கிடைச்சிருக்காது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தன். அவர் வேலை செய்யிறார், அவற்ற பேரைச் சொன்ன உடன எல்லாம் நிண்டிடும், வாடகை கட்டேலாமல் தெருவில நிப்பம் எண்டுதான் அந்த 13 மாசமும் நித்திரை இல்லாமல் கிடந்தனான். அவ கொம்பியூட்டர்ல போட்டுக் காட்டினா. 2024-25 கணக்கில 25 வயசுக்கு மேற்பட்ட தனி ஆளுக்கு அடிப்படைத் தொகை மாசம் 393.45, சோடிக்கு 617.60. பிள்ளைக்கும் வாடகைக்கும் வாறது வேற. சம்பளத்தில குறிப்பிட்ட அளவு விட்டு, அதுக்கு மேல ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ்தான் கழியும், முழுப் பவுணும் இல்லை. அவரிட்ட சேர்த்து வைச்ச 7,000 பவுண் இருந்தது. சேமிப்பு 16,000க்கு மேல போனால்தான் யூசியே இல்லை, 6,000க்கு மேல இருக்கிற ஒவ்வொரு 250க்கும் மாசம் 4.35 கழிப்பினம், அப்ப எங்களுக்கு 17.40தான் குறையும். எல்லாம் கழிச்சுப் பாக்க, ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டிருந்தாலும் மாசம் 900 பவுணுக்கு மேல சட்டப்படி வந்திருக்கும். இந்தக் கணக்கை ரேர்ன்-ரூ-அஸ் மாதிரி இணையத்தளங்களில காசில்லாமல் நீங்களே போட்டுப் பாக்கலாம், பேர் குடுக்கத் தேவையில்லை. அரை மணித்தியாலம் காணும். நான் அந்த அரை மணித்தியாலத்தை 2023 ஒக்டோபர்ல செலவழிக்கேல்ல.

அந்தப் பிள்ளை சொல்லித்தான் மன்டேற்றரி ரீகன்சிடரேஷன் போட்டன், அதாவது முடிவைத் திரும்பப் பாருங்கோ எண்டு கேக்கிறது. முடிவு எடுத்த திகதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள கேக்கோணும். "நாங்கள் சோடி எண்டதை ஒத்துக்கொள்ளுறம், ஆனால் சோடியா எங்களுக்கு வந்திருக்கவேண்டிய காசைக் கழிச்சுப்போட்டு மிச்சத்தைக் கேளுங்கோ" எண்டு எழுதி, அவற்ற 13 மாசத்துப் பே சிலிப், பேங்க் ஸ்டேற்மென்ட் எல்லாம் சேர்த்து அனுப்பினம். ஜூலையில பதில் வந்தது, 22,460 எண்டது 10,180 ஆக இறங்கினது. எல்லாருக்கும் இப்பிடி இறங்கும் எண்டு நான் சொல்லேல்ல, அவரவற்ற சம்பளத்தைப் பொறுத்தது. ஆனால் கேளாமல் விட்டால் தாங்களாக் கழிச்சுத் தருவினம் எண்டு இருக்காதேங்கோ, என்ர முதல் கணக்கில அது கழிபடேல்ல. அதிலயும் சரிவராட்டில் அடுத்தது ட்ரிபியூனல் எண்ட தீர்ப்பாயம், அதுக்கும் பதில் வந்து ஒரு மாசம்தான் தவணை.

இதெல்லாம் நடக்கேக்க கவுன்சில் ராக்ஸ், அதுதான் கவுன்சிலுக்குக் கட்டுற வீட்டு வரி, எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டில ஒரே ஒரு பெரிய ஆள் எண்டால் 25 வீதம் குறைப்பு, அதை நான் எடுத்துக்கொண்டு இருந்தனான். அது யூசியோட சேராது, தனிய கவுன்சிலுக்குச் சொல்லோணும், 21 நாளைக்குள்ள. சொல்லாட்டில் 70 பவுண் தண்டம் போடலாம். எனக்கும் போட்டவை, பழைய 13 மாசத்துக் குறைப்பையும் திருப்பி எடுத்தவை, ஏறக்குறைய 400 பவுண். யூசிக்குச் சொல்லியாச்சு, எல்லாருக்கும் தெரிஞ்சிடும் எண்டு நினைக்கிறது எங்கட ஆக்களில கன பேர் விடுற பிழை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியச் சொல்லோணும். கவுன்சில், வீட்டுக்காரர் இல்லாட்டி ஏஜன்சி, பிள்ளைக்கெண்டு வாற சைல்ட் பெனிபிற். கடைசியா உள்ளதில பாட்னருக்கு வருசம் 60,000க்கு மேல சம்பளம் எண்டால், பிள்ளை அவற்ற சொந்தப் பிள்ளையா இல்லாட்டிலும் அவர் ராக்ஸ் கட்டவேண்டி வரும். எங்களுக்கு அந்தச் சம்பளம் இல்லை, ஆனால் ஐரியில வேலை செய்யிற ஆக்கள் கவனியுங்கோ.

சொல்லுறது எப்பிடி எண்டால், போன்ல சொல்லாதேங்கோ, ஜோர்னல்ல எழுதுங்கோ. எழுத்துக்குத் திகதி இருக்கும், போனுக்கு உங்கட ஞாபகம் மட்டும்தான். மாற்றத்தை அறிவிக்கிற இடத்தில போட்டால் ஒரு கோட் தருவினம், அதை வைச்சு மற்ற ஆள் தன்ர அக்கவுண்டைத் திறந்து உங்களோட இணைக்கோணும். அவர் யூசி எடுக்காத ஆளா இருந்தாலும் இணைக்கோணும். உங்களுக்கே சோடியோ இல்லையோ எண்டு நிச்சயம் இல்லாட்டில் அதையே எழுதுங்கோ, "இன்னார் கிழமையில இத்தினை நாள் நிக்கிறார், அவற்ற விலாசம் வேற, நான் என்ன செய்யோணும்" எண்டு கேளுங்கோ. நான் அந்த மூண்டு வரியை எழுதியிருந்தால் அந்த அறைக்குள்ள இருந்திருக்க மாட்டன். பயத்தில கிளெய்மை மூடிப்போட்டு ஓடிற வேலை மட்டும் வேண்டாம், எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி அப்பிடி மூடிப்போட்டு ரெண்டு மாசம் வாடகை கட்டேலாமல் கஸ்ரப்பட்டவள், பழைய கடன் அப்பிடியே இருந்தது.

வருகிற ஆள் விசாவில இருந்து, அவருக்கு அரசாங்கக் காசு எடுக்கேலாது எண்டு விசாவில போட்டிருந்தால் இன்னும் பயப்பிடுவினம், அவற்ற விசா போயிடும் எண்டு. அப்பவும் நீங்கள் சோடி எண்டு சொல்லத்தான் வேணும். அவருக்கான பங்கு தரமாட்டினம், தனி ஆள் கணக்கில உங்களுக்கு மட்டும் வரும், ஆனால் அவற்ற சம்பளமும் சேமிப்பும் கணக்கில வரும். இப்பிடியான நிலைமையில ஃபோர்ம் நிரப்ப முதல் விசா விசயம் தெரிஞ்ச ஆளோட கட்டாயம் கதையுங்கோ, இது நானோ தெரிஞ்ச அண்ணாவோ சொல்லுறதை வைச்சுச் செய்யிற வேலை இல்லை.

என்னைக் கோபப்படுத்தின ஒரு விசயத்தையும் சொல்லோணும். காசைக் குறைக்கேக்க நாங்கள் கலியாணம் கட்டின ஆக்கள் மாதிரித்தான். ஆனால் நாளைக்கு அவர் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், இங்கிலாந்துச் சட்டத்தில எனக்குத் தானா ஒரு சதமும் வராது, எத்தினை வருசம் சேர்ந்து இருந்தாலும் சரி. அவற்ற காசு ஊரில இருக்கிற அவற்ற அம்மாவுக்குப் போகும். இது தெரிஞ்ச பிறகு ரெண்டு பேரும் உயில் எழுதினம், பென்ஷன்லயும் பேர் குடுத்தம். சேர்ந்து இருக்கிறம் எண்டு அரசாங்கத்துக்குச் சொல்லுற அதே கிழமை இதையும் செய்யுங்கோ.

அம்மாவுக்கும் சொல்லிட்டன். ட்ரிபியூனலுக்குப் போகவேண்டி வருமோ எண்டு இருந்த நேரம் ஒரு நாள் வீடியோவில வர, அவரைக் குசினியில இருந்து கூப்பிட்டு பக்கத்தில இருத்தினன். அம்மா கன நேரம் ஒண்டும் பேசேல்ல, பிறகு அவரிட்ட "தம்பி, சாப்பிட்டீங்களோ" எண்டு கேட்டா. தங்கச்சியின்ர சம்பந்தம் குழம்பேல்ல. குழம்பியிருந்தாலும் இனி ஒளிக்க மாட்டன் எண்டுதான் முடிவெடுத்து இருந்தனான்.

இப்ப ரெண்டு பேரும் சேர்ந்த கிளெய்ம்தான். 2025 ஏப்ரல் முடிவில இருந்து, கடனுக்கெண்டு யூசியில கழிக்கிற உச்ச அளவை அடிப்படைத் தொகையின்ர 25 வீதத்தில இருந்து 15 வீதமாக் குறைச்சிருக்கினம், அதால 2025-26 கணக்கில மாசம் 94 பவுண் எண்டு வந்தது. அதுவும் தாங்கேலாட்டில் வரவு செலவைக் காட்டி இன்னும் குறைக்கச் சொல்லிக் கேக்கலாம், நாங்கள் கேக்கேல்ல. குசினி அலுமாரிக் கதவில அவர் ஒரு தாள் ஒட்டி வைச்சிருக்கிறார், ஒவ்வொரு மாசமும் கழிஞ்ச உடன மிச்சத்தை எழுதிறவர். இப்பிடியே போனால் ஒன்பது வருசம், மகளுக்கு அப்ப 19 வயசு.